நாலு மணி நாடி

எங்கள் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் கூட்டமாக வருவது வருஷத்தில் ஒரே ஒரு நாள். டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வருகிற நாள். மற்ற நாட்களில் அறுநூறு கட்டிலில் நூறு நிரம்பினால் அதிகம். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காத கட்டில்கள் உண்டு. மதியம் சாப்பிட்டுவிட்டு செக்யூரிட்டி அதில்தான் படுப்பார்.

எனக்கு ரெக்கார்டு அறையில் வேலை. பதினோரு வருஷம் ஆகிறது. நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய கேஸ் ஷீட் என்னிடம் வரும். நம்பர் போட்டு ரேக்கில் அடுக்க வேண்டும். இது பாதி வேலை. வராத நோயாளிக்குக் கேஸ் ஷீட் எழுதுவது மீதிப் பாதி. என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதற்காக ஒரு டிபன் டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். இப்போது அந்தக் கையைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஊழியர்களுக்கென்று போனில் ஒரு வாட்ஸப் குழு உண்டு. பெயர் 'நம்ம குடும்பம்'. யாருக்குப் பிறந்தநாள், லிப்ட் எத்தனை நாளாக ஓடவில்லை, காலேஜ் பஸ் எந்த வழியாக வரும், கேன்டீன் சாம்பாரில் என்ன கிடந்தது, எல்லாச் செய்தியும் அதில் வரும். ஆனி மாதம் ஒரு திங்கள்கிழமை நிர்வாக அதிகாரி அதில் ஒரு வரி போட்டார். 'வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள்.' அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் எல்லோரும் கும்பிடு போட்ட படத்தை அனுப்பினார்கள். விருந்தாளி என்றால் யார் என்று பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும்.

ஒப்பந்தத்தில் இருக்கிற ஊழியர் ஒவ்வொருவரும் நான்கு ஆட்களைக் கூட்டிவர வேண்டும். தலைக்கணக்கு என்பார்கள். காலை எட்டு மணிக்கு வந்து கட்டிலில் படுக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுந்து போகலாம். நடுவில் ஒரு பிரியாணி.

ஆண்கள் வார்டு உதவியாளர் தங்கபுஷ்பம் அன்று மதியம் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். எப்போதும் நாங்கள் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவளுடைய புருஷன் லிங்கதுரை வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர் என்பதால் அவள் டப்பாவில் தண்டோ பூவோ காயோ தினமும் ஏதாவது ஒன்று இருக்கும். எனக்கும் அதில் பங்கு.

"மூணு தலை தேறிட்டுக்கா. என் நாத்தனா, அவ மாமியா, பக்கத்து வீட்டு ஆவுடையப்பன். நாலாவதுக்கு எங்க வீட்டுல அவுகளைத்தான் இழுத்துட்டு வரணும்."

"அவரு வருவாரா? லோடு நின்னா தாரு பழுத்துரும்பாரே."

"பழுக்கட்டும். ஒம்பது வருசமா நான் இந்த வார்டுல கெடந்து பழுக்கேன், அது ஒருத்தருக்கும் தெரியலை. இந்தத் தடவை நாலு தலை கொண்டாந்தவுக பேரு மட்டும்தான் நிரந்தரமாக்குத லிஸ்டுல சேருமாம். ஜெசிந்தா சிஸ்டர் எங்கிட்டயே சொல்லியாச்சு."

"போன தடவையும் அப்பிடித்தான் சொன்னாவ."

"போன தடவை நான் மூணு தலைதானக்கா கொண்டாந்தேன்" என்றாள், தப்பு முழுக்கத் தன்னுடையது என்பதுபோல. எனக்குக் கோபம் வந்தது. அதைத் தண்டுக் கூட்டோடு சேர்த்து முழுங்கிவிட்டேன். பதினோரு வருஷமாக அங்கே நான் முழுங்கிப் பழகியவள்.

புதன்கிழமை எழுத உட்கார்ந்தோம். எட்டுப் பேர். மேட்ரன் ஜெசிந்தா சிஸ்டர் ஒரு நாற்காலியைப் போட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டார். வரப்போகிற ஆட்களின் பெயரும் வயதும் ஒரு தாளில். என்ன நோய் என்று இன்னொரு தாளில். இரண்டையும் சேர்த்து, செவ்வாய்க்கிழமையே வந்து படுத்ததாக எழுத வேண்டும். காய்ச்சல், நாடி, பிரஷர், ஒரு நாளைக்கு நான்கு தடவை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்தையும் இப்பவே முடிச்சிருங்க. அன்னைக்கு எவளுக்கும் கை ஓயாது. நாலு மணிக்கு நாடி போட்டு, அஞ்சு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிருங்க" என்றார் சிஸ்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா மரகதம், எல்லாருக்கும் எழுபத்தெட்டே போடாத. மாத்தி மாத்திப் போடு. போன தடவை ஒரு வார்டு பூராம் ஒரே நாடி."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

லிங்கதுரையின் தாள் என் கைக்கு வந்தது. வயது நாற்பத்தாறு. நோய், நெஞ்சுவலி. தெரிந்த பெயர் என்பதால் கொஞ்சம் அக்கறையாகவே எழுதினேன். செவ்வாய்க்கிழமை வலி அதிகம், புதன்கிழமை பரவாயில்லை, வியாழக்கிழமை நன்றாகத் தூங்கினார். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி, நாடி எழுபத்தெட்டு. ஐந்து மணி, குணமடைந்து வீடு திரும்பினார். கீழே கோடு போட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காற்று சுழற்றி அடித்தது. ரோட்டு மணல் பூராவும் போர்ட்டிகோவில் கிடந்தது. பெருக்கப் பெருக்க வந்துகொண்டே இருந்தது. ஏழரை மணிக்கு காலேஜ் பஸ் ஐந்தும் நோயாளிகளைக் கொண்டுவந்து இறக்கின. பெண்கள் பூ வைத்து வந்திருந்தார்கள். சிஸ்டர்கள் நின்று ஒவ்வொரு தலையிலிருந்தும் பூவை எடுக்கச் சொன்னார்கள். ஆபீஸ் கிளார்க் நோய்ச் சீட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரவர் நோயைப் பாடம் பண்ணிக்கொள்ள வேண்டும்.

"எய்யா, எனக்கு மூலம் வேண்டாம். எங்க சம்பந்தி வீட்டு ஆளுக ரெண்டு பேரு அதே வார்டுல கெடக்காவ. நாளைக்கு ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது. வேற என்னமும் குடுங்க" என்று ஆவுடையப்பன் கிளார்க்கிடம் மல்லுக்கு நின்றார்.

"சக்கரை இருக்கு. தரட்டா?"

"சக்கரை எனக்கு உள்ளதுதான. அதையே குடுங்க."

"உள்ளதுன்னா அது கெடையாது. நெசமா இருக்கவுகளுக்கு அதையே குடுத்தா மருந்து கேக்காவ. இந்தா, வயித்துவலி. போங்க."

லிங்கதுரை கடைசியாக வந்தார். விடியுமுன்னே பாதி லோடு ஏற்றிவிட்டு அப்படியே வந்திருக்கிறார். சட்டைத் தோளில் வாழைக்கறை. முகம் வெளிறி இருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

"தோள்பட்டை என்னமோ மாதிரி இருக்குட்டி" என்றார் பெண்டாட்டியிடம்.

"தாரு தூக்குனா தோளு வலிக்காம பின்ன காலா வலிக்கும்? சீட்டை வாசிங்க."

"நெஞ்சுவலி, மூணு நாளு" என்று வாசித்தார். சிரித்தார். "எப்படி, இப்படிப் பிடிச்சாப் போதுமா?"

"அது வலது பக்கம். நெஞ்சு இந்தப் பக்கம். இதுகூடத் தெரியாம நாப்பத்தாறு வயசு" என்று அவர் கையை எடுத்து இடது பக்கம் வைத்தாள் தங்கபுஷ்பம். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

பத்தரை மணிக்குக் கேஸ் ஷீட்டுகளைக் கட்டில்களில் மாட்ட வார்டுக்குப் போனேன். லிங்கதுரை பதினேழாம் நம்பர் கட்டில். கையை நெஞ்சில் வைத்திருந்தார், சரியாக இடது பக்கம்.

"எக்கா, நெஞ்சு வலிக்கு" என்றார்.

"டீம் இன்னும் கீழதான் நிக்கி. வந்த பெறவு சொல்லுங்க" என்றேன்.

இதை நான்தான் சொன்னேன். வேறு யாரோ சொன்னதாக மாற்றிச் சொல்ல எத்தனை தடவை ஆசைப்பட்டிருக்கிறேன் தெரியுமா. அடுத்த கட்டிலில் மாட்டப் போய்விட்டேன்.

சிஸ்டர் ஒருத்தியிடமும் சொல்லியிருக்கிறார். "தாத்தா, அருமையா நடிக்கீங்க" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நாற்பத்தாறு வயது மனுஷன் தாத்தாவாம். தங்கபுஷ்பத்திடம் சொல்லியிருக்கிறார். "செத்த நேரம் சும்மா கெடங்க. ஒரு நாளைக்கு மெத்தையில கெடக்கச் சொன்னா ஒடம்பு நோவுதோ?" என்றிருக்கிறாள். நோயாளி உண்மையைச் சொன்னால் நம்பக்கூடாது என்று எங்கள் ஆஸ்பத்திரி எங்களைப் பழக்கிவைத்திருந்தது.

பதினொன்றரைக்குக் குழு வந்தது. மூன்று பேர். முன்னால் நிர்வாக அதிகாரி, பின்னால் காலேஜ் செய்தி மடலுக்குப் படம் எடுக்கிறவர். பதினேழாம் கட்டிலில் அவர்கள் தலைவர் நின்றார். என்ன செய்கிறது என்று கையால் கேட்டார்.

"நெஞ்சு வலிக்கய்யா. கைக்கு எறங்குது. மூச்சு விட ஏலலை" என்றார் லிங்கதுரை. நெற்றியில் வியர்வை கொட்டியது. மேலே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது.

தலைவர் நான் எழுதிய கேஸ் ஷீட்டைப் புரட்டினார். இன்னும் வராத நாலு மணி நாடியும் அதில் இருந்தது. "ரெக்கார்டு ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க" என்று இங்கிலீஷில் பாராட்டினார். பேஷன்டை ஒரு பார்வை பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு. அவருக்குத் தெரியும் ஐயா. இது எல்லாம் பிரியாணிக்குப் படுத்த கூட்டம் என்று அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே குனிந்து லிங்கதுரையின் தோளைத் தட்டினார். காமிரா மின்னியது. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

ஒன்றே கால் மணிக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். தங்கபுஷ்பம்தான் வார்டு முழுக்கக் கொடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது பதினேழாம் கட்டிலில் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. பிரியாணி என்றால் இலையை வழித்துத் தின்கிற மனுஷன். அப்போதுதான் அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். உதடு கறுத்திருந்தது.

அவள் போட்ட சத்தம் ரெக்கார்டு அறை வரைக்கும் கேட்டது. நான் ஓடினேன். எனக்கு முன்னால் ஹவுஸ் சர்ஜன் ஷமீமா ஓடியிருந்தாள். இருபத்துமூன்று வயது, பயிற்சியில் இருக்கிற டாக்டர். காட்சிக்கு வைத்திருந்த இ.சி.ஜி. மெஷினின் ரிப்பனைப் பிய்த்து எறிந்துவிட்டு வயர்களை மாட்டினாள். காகிதம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இது நெசம்! இவருக்கு நெசமாவே ஹார்ட் அட்டாக்! இது நெசம்!" என்று கத்தினாள். வார்டிலிருந்த அத்தனை நோயாளிகளும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோக வேண்டும். இருபது கட்டிலிலும் ஆள். நிர்வாக அதிகாரியின் மாமனார் ஊரிலிருந்து வந்த ஆரோக்கியமான இருபது பேர், மூக்கில் குழாயோடு. அதிகாரி வார்டு வாசலிலேயே வழிமறித்தார்.

"டீம் ஐ.சி.யு. இன்னும் பாக்கல. இப்பத்தான் பக்கத்து ரூம்ல சாப்பிடுறாங்க. ஒரு கட்டில்ல இருந்தும் ஆள எழுப்பக் கூடாது. இந்த ஸ்ட்ரெச்சர் ஓட்டமெல்லாம் வேண்டாம். அரை மணி நேரம் இங்கயே வச்சிப் பாருங்க."

"சார், அரை மணி நேரம் தாங்காது."

"நீ ட்ரெயினிங்க முடிக்கணுமா வேண்டாமாம்மா?"

ஷமீமா அவரை விலக்கிவிட்டு மாடிக்கு ஓடினாள். இருதயப் பிரிவு என்று பித்தளையில் பலகை போட்ட அறையில், ஆய்வுக்கென்றே காலை விமானத்தில் வந்து இறங்கிய ஒரு டாக்டர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். "நான் நோயாளியைத் தொட்டே பத்து வருஷமாச்சும்மா. இங்க மருந்தும் இல்ல. வேற எங்கயாவது சீக்கிரம் கொண்டுபோங்க" என்றார். அவராவது உண்மையைச் சொன்னார்.

போர்ட்டிகோவில் இரண்டு ஆம்புலன்ஸ் துடைத்து நிறுத்தியிருந்தது. சாவி இல்லை. டிரைவர் எங்கே? எலும்பு முறிவு வார்டில், இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். ஆள் போதவில்லையென்று காலையில்தான் அவருக்கும் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "கட்டை வெட்டுங்கய்யா, நான் ஓட்டுதேன்" என்று அவர் கட்டிலிலிருந்து கத்தினார். வெட்டுகிற கத்தரி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

வயிற்றுவலிக்காரர் ஆவுடையப்பன்தான் ரோட்டுக்கு ஓடி, வாழைக்காய் லோடு வண்டி ஒன்றை மறித்தார். தாரை எல்லாம் ரோட்டில் இறக்கிப் போட்டுவிட்டு லிங்கதுரையை அதில் ஏற்றினோம். ஷமீமாவும் தங்கபுஷ்பமும் பின்னால் ஏறினார்கள். நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொற்றிக்கொண்டேன். இருபது கிலோமீட்டர். ஏறின கொஞ்ச நேரத்திலேயே நாடி நின்றுபோனது. வழி முழுக்க அந்தப் பெண் முட்டி போட்டு அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே வந்தாள்.

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. நாலைந்து பேர் சுற்றி நின்று பாடுபட்டார்கள். மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு ஒரு டாக்டர் வெளியே வந்தார்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் முன்னால ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கலாமேம்மா" என்றார்.

"காலைல இருந்து ஆஸ்பத்திரிலதான் சார் இருந்தாவ" என்றாள் தங்கபுஷ்பம்.

அவருக்குப் புரியவில்லை. அவள் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

நான் அங்கே சுவரில் சாய்ந்து நின்றபோது போனில் 'நம்ம குடும்பம்' அடித்துக்கொண்டே இருந்தது. ஆய்வு வெற்றி. எல்லோருக்கும் நன்றி. கேன்டீனில் கேசரி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நிர்வாக அதிகாரி தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். பதினேழாம் கட்டில் கேஸ் ஷீட்டோடு என்னையும் வரச் சொன்னார். மேஜையில் ஒரு கவர் இருந்தது.

"ஒன்ன நிரந்தரமாக்கி ஆர்டர் போட்டாச்சும்மா. காலேஜ் சேர்மன் பெரியவரே கையெழுத்துப் போட்டிருக்கார். நடந்தது நடந்துபோச்சு. ஒனக்கு ஒரு மக இருக்கா. அவளுக்கும் நம்ம நர்சிங் காலேஜ்ல எடம் பாத்துக்கலாம். இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டிரு."

"என்னது சார் இது?"

"ஒன் வீட்டுக்காரர் லோடு ஏத்துற எடத்துல நெஞ்சுவலி வந்து, அங்க இருந்து நேரா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனார்னு. நம்ம ஆஸ்பத்திரிக்கு அவர் வரவே இல்லன்னு."

அவள் அந்தக் காகிதத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்து மேஜையில் வைத்தாள். காலேஜ் செய்தி மடலின் முதல் பக்கம். முந்தின நாள்தான் அச்சாகி வந்து எல்லா மாடியிலும் ஒட்டியிருந்தார்கள். கட்டிலில் லிங்கதுரை, கை நெஞ்சில். குனிந்து தோளைத் தட்டுகிற குழுத் தலைவர். பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிர்வாக அதிகாரி. 'நோயாளியிடம் அன்போடு நலம் விசாரித்தபோது.'

"வரவே இல்லியா சார்?" என்றாள். "அப்ப இது யாரு? பக்கத்துல இளிச்சுக்கிட்டு நிக்கது நீருதான?"

ஒன்பது வருஷத்தில் அவரை அவள் 'நீரு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதிகாரி படத்தைப் பார்த்தார். வியர்த்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"எவன் இந்தப் படத்தப் போட்டது?" என்று போனில் கத்தினார். என்னைப் பார்த்தார். "அந்த ஷீட்டக் கொண்டுபோய்க் கிழிச்சிரு."

"கவரை நீரே வச்சுக்கிடும்" என்று தங்கபுஷ்பம் எழுந்தாள். "ஒம்பது வருசம் ஒம்ம வார்டுல மலமும் மூத்திரமும் அள்ளிருக்கேன். அப்பல்லாம் வராத நாத்தம் இப்ப வருது."

நான் கேஸ் ஷீட்டோடு வெளியே வந்தேன். கிழிக்கிற மெஷின் என் அறையில்தான் இருக்கிறது. பக்கத்தில் போய் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் நின்றேன். மகனுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அப்புறம் தாளை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள். இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். வழியில் அவள் கேஸ் ஷீட்டை மடியில் விரித்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

"வியாழக்கிழமை நல்லா ஒறங்குனாவளாம்க்கா. அன்னைக்கு ராத்திரி லோடு ஏத்தப் போயிட்டு விடியதான் வந்தாவ." விரல் கீழே இறங்கியது. "நாலு மணிக்கு நாடி எழுபத்தெட்டு. மூணு பத்துக்கு உசிரு போன மனுசனுக்கு. எந்த மூதி எழுதுனாளோ, அவ கை புழுக்கணும். எம்புட்டு அழகா எழுதிருக்கா பாருங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டும். பஸ் முழுக்க ஆள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பெரிய ஹால். இருநூறு பேர் இருப்பார்கள். எங்கள் முறை வந்தபோது மனு வாங்குகிற அதிகாரி படத்தைப் பார்த்தார். கேஸ் ஷீட்டைப் பார்த்தார்.

"இதுல மூணு நாளா வைத்தியம் பாத்து வீட்டுக்கு அனுப்பினதா இருக்கேம்மா. எல்லாம் முறையா இருக்கு. கவர்மென்ட் ஆஸ்பத்திரிச் சீட்டுல இறந்த நேரம் தப்பா விழுந்திருக்கலாம்ல. இது பொய்னு நீங்க சொன்னாப் போதுமா? இந்த நாலு மணி நாடியப் பாத்து எழுதின நர்ஸ் வந்து சொல்லணுமே. யார் எழுதினது இது?"

"அது எவளோ தெரியல சார்" என்றாள் தங்கபுஷ்பம்.

அதிகாரி தாளை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த மனுவுக்குக் கையை நீட்டினார். பின்னால் நின்றவர் எங்களை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். இப்போது விட்டால் லிங்கதுரை குணமடைந்து வீடு திரும்பியவராகவே இருந்துவிடுவார்.

"நான்தான் எழுதினேன்" என்றேன். குரல் பாதிதான் வெளியே வந்தது. "புதன்கிழமையே எழுதிட்டேன். நாடி யாரும் பாக்கலை."

தங்கபுஷ்பம் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் வலது கையைப் பார்த்தாள். தினமும் அவள் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்ற கை. அறைவாள் என்று நினைத்தேன், அறையட்டும் என்று நின்றேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். முன்னால் வந்து நின்றவரைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். என் முழங்கையைப் பற்றி மேஜையோடு சேர்த்து இழுத்து நிறுத்தினாள். நகம் சதையில் இறங்கியது.

"சத்தமாச் சொல்லுங்கக்கா" என்றாள். "சாருக்குக் கேக்கலை."